மாற்றுத்திறனாளிகளும் நம் பங்கும்: புதிதாகப் பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

மறைக்கல்வி வகுப்பை இந்த ஆண்டுதான் ஏற்றிருக்கிறீர்கள். பெயர்ப்பட்டியலில் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையும் இருக்கிறது. அல்லது பங்குப்பேரவையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். "மாற்றுத்திறனாளிகளுக்கு ஏதாவது செய்யணும், நீங்க பாருங்க" என்று பங்குத்தந்தை பொறுப்பை உங்களிடம் கொடுத்துவிட்டார். சிறப்புக் கல்வியில் உங்களுக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயிற்சி இல்லாதது பெரிய தடை இல்லை. நேரம் ஒதுக்கவும், கேட்டுத் தெரிந்துகொள்ளவும் மனம் இருந்தால் தொடங்கிவிடலாம்.

திருஅவை சொல்வதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

வேலையைத் தொடங்கிய சில நாள்களிலேயே யாராவது ஒருவர் உங்களிடம் கேட்பார்: "அவனுக்கு இதெல்லாம் என்ன புரியப்போகிறது?" சில நேரம் பெற்றோரே கேட்பார்கள். அதுதான் மனதை அதிகம் வருத்தும். இதற்குப் பதில் தெரியாமல் தடுமாறினால் அடுத்த அடி எடுத்து வைப்பது கடினம். அதனால்தான் சட்டத்தையும் போதனையையும் முதலில் வைக்கிறேன்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 777-ஆம் எண், பங்குத்தந்தையின் மறைக்கல்விக் கடமைகளைச் சொல்கிறது. உடலிலோ மனத்திலோ குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்களின் நிலைக்கு ஏற்ற அளவில் மறைக்கல்வி கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது அந்தக் கடமைகளில் ஒன்று. இறைவார்த்தையையும் அருளடையாளங்களையும் மேய்ப்பர்களிடமிருந்து பெறுவது விசுவாசிகளின் உரிமை என்கிறது 213-ஆம் எண். தகுந்த முறையில் கேட்பவர்களுக்கு, உரிய தயார்நிலையும் இருந்து, சட்டத் தடையும் இல்லாதபோது, அருளடையாளங்களை மறுக்கக் கூடாது என்கிறது 843-ஆம் எண். 2020-இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி ஏடு, 269 முதல் 272 வரையிலான எண்களில் இதைப் பற்றியே பேசுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அருளடையாளங்களை யாரும் மறுக்க முடியாது என்று அங்கே தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

ஆகவே உங்கள் பங்கு செய்யப்போவது இரக்கப்பட்டுச் செய்யும் உதவி இல்லை. திருமுழுக்குப் பெற்ற ஒருவருக்கு உரியதை அவரிடம் சேர்ப்பிக்கிறீர்கள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த இடத்தில் நின்றுகொண்டு எடுங்கள்.

வராதவர்களைத் தேடுங்கள்

"எங்கள் பங்கில் அப்படி யாரும் இல்லையே" என்று பல பங்குகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருக்கிறார்கள், கோவிலுக்கு வருவதில்லை. ஒரு ஞாயிறு திருப்பலியில் பிள்ளை சத்தம் போட்டது. முன்வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அம்மா மட்டும் வந்தார், அப்பா பிள்ளையோடு வீட்டில் இருந்தார். அதற்கடுத்து அம்மாவும் நின்றுவிட்டார். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. யாரும் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை, ஆனாலும் போய்விட்டார்கள்.

இவர்களைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் இருந்தும் முதல் நற்கருணைப் பட்டியலில் இல்லாத பிள்ளைகள் யார் என்று பாருங்கள். நோயாளிகளுக்கு வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகும் பணியாளர்களைக் கேளுங்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மறைக்கல்விச் சேர்க்கைப் படிவத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள்: "திருப்பலியிலும் வகுப்பிலும் நன்றாகப் பங்கேற்க உங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஏற்பாடு தேவைப்படுகிறதா?" நோயின் பெயரையோ சான்றிதழையோ கேட்க வேண்டாம், தேவையை மட்டும் கேளுங்கள். வயதாகிக் காது மந்தமானவர்களும் முழங்கால் வலியோடு வருபவர்களும்கூட இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதைப் பார்ப்பீர்கள்.

வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்

எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயு கூவி அழைத்தபோது, அவருக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இயேசு அவரைக் கூப்பிட்டு, தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). நாம் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறோம். கேட்காமலே சாய்தளம் கட்டுகிறோம், தனி வகுப்பு வைக்கிறோம். பிறகு ஏன் யாரும் வரவில்லை என்று வருந்துகிறோம்.

அந்த வீட்டுக்குப் போகும்போது முதலில் அந்த நபரிடமே பேசுங்கள். அவரால் வாய் திறந்து பதில் சொல்ல முடியாவிட்டாலும் அவர் பெயரைச் சொல்லி, அவர் முகம் பார்த்துப் பேசுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்கு மேலே அம்மாவிடம் "இவன் சாப்பிடுவானா?" என்று கேட்காதீர்கள். முப்பது வயதுக்காரரிடம் மழலையில் பேசாதீர்கள்.

அப்புறம் குடும்பத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை:

- ஆம், இல்லை என்பதை எப்படித் தெரிவிப்பார்? வலி, பயம், கழிவறைத் தேவை இவற்றை எப்படிக் காட்டுவார்?
- எந்தச் சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுகை அவரைத் தொந்தரவு செய்யும்? தொந்தரவானால் எது அவரை அமைதிப்படுத்தும்?
- வலிப்பு வருமா? வந்தால் என்ன செய்ய வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும்?
- விழுங்குவதில் சிரமம் உண்டா? உணவில் ஒவ்வாமை உண்டா?
- அவருக்கு ரொம்பப் பிடித்தது எது?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டுப் பிடித்த பிள்ளைக்குப் பாட்டு வழியாக எல்லாம் சொல்லிக்கொடுக்கலாம். பொருள்களை வரிசையாக அடுக்கப் பிடித்தவருக்குப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கும் பணியே கோவிலுக்குள் வரும் வழியாக அமையலாம். இங்கே கேட்டதை ஒரே தாளில் எழுதி, வகுப்பெடுப்பவரும் பங்குத்தந்தையும் மட்டும் பார்க்கும்படி வைத்திருங்கள். பங்குப்பேரவைக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது.

அந்த வீட்டில் சொல்லக் கூடாதவையும் சில உண்டு. "கடவுள் உங்களைச் சோதிக்கிறார்", "முன்னோர் செய்த பாவம்", "இன்னும் நம்பிக்கையோடு ஜெபித்தால் சரியாகிவிடும்." இவற்றைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்கள் அவர்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவர் செய்ததும் அல்ல, இவர் பெற்றோர் செய்ததும் அல்ல என்று ஆண்டவரே சொல்லிவிட்டார் (யோவான் 9:3). குணமாக்கும் ஜெபம் வேண்டும் என்று அவர்களே கேட்டால் சேர்ந்து ஜெபியுங்கள். கேட்காதபோது தலையில் கை வைக்க வேண்டாம்.

கோவிலைச் சுற்றி ஒருமுறை நடங்கள்

சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரோடும், பார்வையற்றவர் ஒருவரோடும் சேர்ந்து வாசல் முதல் பீடம் வரை நடந்து பாருங்கள். எதை மாற்ற வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். சாய்தளம் கட்டுவதாக இருந்தால் பொதுவான கணக்கு 1-க்கு 12. அதாவது 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் யாராவது தள்ளிக்கொண்டு வந்தால்தான் ஏற முடியும். கழிவறைக் கதவின் அகலத்தையும் அளந்து பாருங்கள். கோவிலுக்குள் வர முடிந்தும் கழிவறைக்குள் போக முடியாததால் பாதித் திருப்பலியில் வீடு திரும்புபவர்கள் உண்டு.

சக்கர நாற்காலிக்குப் பின்வாசல் ஓரத்தில் இடம் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதிலாக நடுவரிசைகளில் இரண்டு மூன்று இடங்களில் பெஞ்சின் ஒரு முனையைக் குறைத்துவிட்டால், அவர் தன் குடும்பத்தோடு சேர்ந்து அமரலாம். வாசக மேடைக்கும் படியில்லாத வழி வேண்டும். கேட்க மட்டும் வருபவர் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது அல்லவா?

"என் குரல் எட்டும், மைக் வேண்டாம்" என்று யார் சொன்னாலும் மைக்கில்தான் பேச வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவரை வாசக மேடைக்குப் பக்கத்தில், முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழும்படி நிறுத்துங்கள். அவருக்கு வாசகங்களும், முடிந்தால் மறையுரைக் குறிப்பும் முதல் நாளே கிடைக்க வேண்டும். பாட்டு, பதிலுரை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில், கணினியில் 18 என்ற எழுத்தளவுக்குக் குறையாமல், சில பிரதிகள் எடுத்து வையுங்கள். பார்வையற்றவர்களில் பலர் இப்போது கைபேசியில் கேட்டுப் படிக்கிறார்கள். அவர்களுக்கு வாசகங்களைச் சனிக்கிழமையே கைபேசிக்கு அனுப்பிவிட்டால் போதும்.

திருப்பலிக்குப் பழக்குதல்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஞாயிறு பெரிய பூசை முதல் அனுபவமாக இருக்க வேண்டாம். கூட்டம், ஸ்பீக்கர், மணி, தூபம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். யாரும் இல்லாத நேரத்தில் கோவிலைக் காட்டுங்கள். நடக்கட்டும், தொடட்டும், பிடித்த இடத்தில் உட்காரட்டும். பிறகு வாரநாள் பூசையில் கடைசிப் பத்து நிமிடம். அது பழகியதும் நற்கருணை மன்றாட்டிலிருந்து. இப்படி முடிவிலிருந்து பின்னோக்கி நீட்டிக்கொண்டே போனால், பிள்ளை ஒவ்வொரு முறையும் இறுதி ஆசீர் வரை இருந்துவிட்டு, நன்றாக முடித்த நினைவோடு வீட்டுக்குப் போகும். பாதியில் அழைத்துப் போக வேண்டிய நிலை வராது.

உங்கள் கோவிலின் படங்களை வைத்தே ஒரு சிறு புத்தகம் செய்து கொடுங்கள். வாசல், தீர்த்தத் தொட்டி, நாம் உட்காரும் இடம், எழுந்து நிற்கும் நேரம், மணி அடிக்கும் நேரம், நற்கருணைக்கு வரிசையில் போவது, வீட்டுக்குப் போவது. பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும். பாஸ்கா இரவில் விளக்கை அணைப்பது போன்ற மாற்றங்களை அந்த வாரமே வீட்டில் சொல்லி வையுங்கள். சமாதான வாழ்த்தின்போது தொடுவது பிடிக்காதவருக்குக் கைகூப்பி வணங்கச் சொல்லிக்கொடுங்கள். சுற்றி உட்காருபவர்களுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.

கோவிலை ஒட்டி ஓர் அமைதியான அறை இருந்தால் நல்லது. பிள்ளைக்குத் தாங்க முடியாதபோது கொஞ்ச நேரம் போய்விட்டுத் திரும்பி வரலாம். ஆனால் "சத்தம் போடுகிறவர்கள் அங்கே போங்கள்" என்று அந்த அறையை மாற்றிவிடாதீர்கள். போவதும் வருவதும் குடும்பத்தின் விருப்பம்.

சபைக்கும் சொல்ல வேண்டும். இதைப் பங்குத்தந்தை சொன்னால்தான் எடுபடும். "இந்தக் கோவிலில் சத்தம் வரும், நடமாட்டம் இருக்கும், அவர்களும் நம்மோடுதான் ஜெபிக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்று திருப்பலி முடிவில் ஓரிரு முறை சொன்னால் போதும். எந்தக் குடும்பத்தையும் சுட்டிக் காட்டாமல் சொல்ல வேண்டும்.

மறைக்கல்வி வகுப்பு

தனி வகுப்பா, மற்றவர்களோடா? என் விருப்பம் எப்போதும் மற்றவர்களோடுதான். வயதொத்த பிள்ளைகளோடு அமர்ந்து வளர்ந்தால்தான் பிறகு இளையோர் குழுவிலும் அவர்கள் அவரைத் தேடுவார்கள். ஆனால் முப்பது பிள்ளைகள் உள்ள அறை சிலருக்குத் தாங்காது. அவர்களுக்குச் சிறு குழுவோ, ஒருவருக்கு ஒருவரோ வைத்துக்கொண்டு, தொடக்க ஜெபத்துக்கும் விழாக்களுக்கும் பெரிய வகுப்போடு சேர்க்கலாம். 1960-களில் சிகாகோ உயர்மறைமாவட்டத்தில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய 'ஸ்ப்ரெட்' முறையில், அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு நண்பர் துணையாக இருக்கிறார். அவர் ஆசிரியராக நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, தாமும் அதே பாடத்தைக் கற்கிறார். முழுமுறையையும் உங்களால் செய்ய முடியாவிட்டாலும், ஒருவருக்கு ஒரு நண்பர் என்பதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நண்பர் வாரா வாரம் மாறக் கூடாது.

மறைமாவட்டத்தின் சிறார் பாதுகாப்பு விதிகள் இங்கே இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் என்ற நிலை எந்நாளும் வேண்டாம். நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கழிவறைக்கு யார் அழைத்துப் போவது என்பதையும் பெற்றோரோடு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

பாடம் எடுக்கும் முறைக்கு வருவோம். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில், காது கேளாத மனிதரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். காதில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். "எப்பத்தா" (திறக்கப்படு) என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது. கேட்காத மனிதரிடம் அவருக்குப் புரிகிற வழியில், தொட்டும் காட்டியும், முதலில் பேசுகிறார். பாடத்தைத் தயாரிக்கும்போது இந்தப் பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு உட்காருவது எனக்குப் பழக்கம்.

ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு கருத்து. உதாரணமாக, "இயேசு பணி செய்ய வந்தார்." ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு. நண்பர் அவர் கையையோ காலையோ மெதுவாகக் கழுவித் துடைக்கிறார். பிறகு அவர் நண்பருக்கு அதையே செய்கிறார். அமைதியாக இருந்துவிட்டு, இயேசு தம் நண்பர்களின் காலடிகளைக் கழுவிய கதையை நாலைந்து வாக்கியத்தில் சொல்லுங்கள். படம் ஒன்றைக் காட்டுங்கள். ஒரே பல்லவி உள்ள பாட்டு ஒன்று. அவ்வளவுதான் பாடம். இதையே அடுத்த வாரமும் செய்யலாம், அதற்கடுத்த வாரமும் செய்யலாம். உங்களுக்குச் சலிப்புத் தட்டும், அவருக்குத் தட்டாது. ஒவ்வொரு வகுப்பும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடியட்டும். மெழுகுதிரி ஏற்றுதல், அவர் பெயரைச் சொல்லி வரவேற்றல், சிலுவை அடையாளம். இந்த ஒழுங்கே ஜெபத்துக்குள் அவரை அழைத்துவிடும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்வார்கள். "இயேசு உன் இதயத்துக்குள் இருக்கிறார்" என்றால் மார்புக்குள் ஓர் ஆளா என்று பயப்படலாம். "இயேசு எப்போதும் என்னோடு இருக்கிறார், என்னை அன்பு செய்கிறார்" என்று சொல்லுங்கள். ஆட்டுக்குட்டி, திராட்சைக் கொடி போன்ற உருவகங்களைப் பிறகு, ஒவ்வொன்றாக, படத்தோடு அறிமுகப்படுத்தலாம்.

காது கேளாத பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். வாயைக் கையால் மறைக்காதீர்கள். காதுக்கருவி போட்டிருப்பதாலேயே எல்லாம் கேட்கும் என்று எண்ண வேண்டாம். சத்தம் நிறைந்த அறையில் அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். சைகை மொழி அந்தப் பிள்ளையின் மொழி என்றால் அதில்தான் மறைக்கல்வி நடக்க வேண்டும். அதற்குத் திருஅவையில் நீண்ட வரலாறு உண்டு. புனித பிரான்சிஸ் சலேசியார், மார்ட்டின் என்ற காது கேளாத இளைஞருக்குச் சைகைகளாலேயே மறையுண்மைகளைக் கற்பித்து முதல் நற்கருணைக்குத் தயாரித்தார். காது கேளாதோரின் பாதுகாவலராக அவரைப் போற்றுகிறோம். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில், காது கேளாத சகோதரிகள் இருவர் மறையறிவு இல்லாமல் போய்விடுவார்களே என்ற கவலையில் அவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கிய குரு ஷார்ல்-மிஷேல் த லெப்பே. காது கேளாதோருக்கான உலகின் முதல் இலவசப் பொதுப்பள்ளி வளர்ந்தது அந்த வகுப்பிலிருந்துதான்.

பார்வையற்ற பிள்ளைக்குச் சொல்லி விளக்குவதைவிடக் கையில் கொடுப்பதே பாடம். சாக்கிறிஸ்தரின் அனுமதியோடு கிண்ணம், அப்பத் தட்டு, பாஸ்கா திரி, குருவின் மேலுடை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். பீடத்தைச் சுற்றி நடந்து அதன் அளவை உணரட்டும். மற்ற பிள்ளைகளும் அந்த வகுப்புக்கு ஆசையோடு வருவார்கள்.

அருளடையாளங்களுக்குத் தயாரித்தல்

பங்குகளில் குழப்பம் அதிகமாவது இங்கேதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் நற்கருணைக்குச் சட்டம் கேட்பது, பிள்ளை தன் ஆற்றலுக்கு ஏற்ற அளவில் கிறிஸ்துவின் மறைபொருளைப் புரிந்திருப்பதும், நம்பிக்கையோடும் பக்தியோடும் ஆண்டவரின் உடலைப் பெற முடிவதும்தான் (எண் 913). "தன் ஆற்றலுக்கு ஏற்ற அளவில்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பத்துக் கட்டளைகளை ஒப்பிப்பது இதற்கு நிபந்தனை இல்லை. அமெரிக்க ஆயர்கள் 1995-இல் வெளியிட்ட வழிமுறைகள் இதை அழகாக விளக்குகின்றன. கிறிஸ்துவின் உடலைச் சாதாரண உணவிலிருந்து வேறுபடுத்தி அறிவதைச் சொல்லால்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. நடத்தையாலும், சைகையாலும், பக்தியான மௌனத்தாலும் காட்டலாம். சந்தேகம் வந்தால் திருமுழுக்குப் பெற்றவரின் உரிமைக்குச் சாதகமாகவே முடிவு செய்ய வேண்டும். 2007-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் தம் 'அன்பின் அருளடையாளம்' ஏட்டின் 58-ஆம் எண்ணில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளோர் தங்களோடு இருக்கும் குடும்பத்தின், சமூகத்தின் நம்பிக்கையிலும் நற்கருணையைப் பெறுகிறார்கள் என்று எழுதினார். ஆகவே பிள்ளையோடு சேர்த்துக் குடும்பத்தையும் தயாரியுங்கள்.

நடைமுறையில் பெரிய தடை வாயில்தான் இருக்கும். அப்பத்தின் வறட்சியும் சுவையும் சில பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் துப்பிவிடுவார்கள். அர்ச்சிக்கப்படாத அப்பத்தை வாங்கி வைத்துச் சில வாரங்கள் பழக்குங்கள். அது பயிற்சிக்கானது என்று பிள்ளைக்கும் வீட்டாருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பது, பிறகு ஒரு துணுக்கு, பிறகு கொஞ்சம் தண்ணீரோடு. மிகச் சிறிய துண்டிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். திடப்பொருள் விழுங்கவே முடியாதவருக்குத் திராட்சை இரச வடிவில் மட்டும் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது (எண் 925). மருந்தும் உணவும் நேரத்துக்கு எடுக்க வேண்டியவர்கள் ஒரு மணி நேர நோன்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நோயாளிகளுக்கும் முதியோருக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் 919-ஆம் எண் விலக்குத் தருகிறது.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு குறிப்பு. குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது. குளூட்டன் மிகக் குறைந்த கோதுமை அப்பம் செல்லும். 2003-இலும் 2017-இலும் வத்திக்கான் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த அப்பத்தைத் தனிப் பாத்திரத்தில் வைத்து, மற்ற அப்பங்களைத் தொட்ட விரல் படாமல் கொடுங்கள். அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இரச வடிவில் பெறலாம். ஆனால் அப்பத்துண்டு இடப்படாத தனிக்கிண்ணத்திலிருந்து.

ஒப்புரவு பற்றிப் பெற்றோர் ரொம்பப் பயப்படுவார்கள். "செய்தது தப்பு, வருத்தமாக இருக்கிறது" என்பதை ஏதோ ஒரு வழியில் உணரக்கூடியவர் என்றால், பாவத்தைச் சொற்களில் விவரிக்க முடியாவிட்டாலும் மன்னிப்பைப் பெறலாம். படங்களைச் சுட்டிக் காட்டலாம், எழுதிக் கொடுக்கலாம். எழுதிய தாளை முடிந்ததும் குருவே கிழித்துப் போடட்டும். மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லவும் சட்டம் அனுமதிக்கிறது (எண் 990). அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் (எண் 983). காது கேளாதவரை இருட்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தால் அவர் எப்படிக் குருவின் உதட்டைப் பார்ப்பார்? வெளிச்சமான, மற்றவர் பார்வை படாத ஓர் இடத்தை ஏற்பாடு செய்யுங்கள். பாவம் என்பதையே உணர இயலாத அளவுக்கு அறிவுத்திறன் குறைபாடு உள்ளவரை வற்புறுத்த வேண்டியதில்லை. ஒப்புரவு வழிபாட்டில் எல்லாரோடும் அவரும் இருக்கட்டும். ஒப்புரவு பெறாததைக் காரணம் காட்டி முதல் நற்கருணையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

உறுதிப்பூசுதலுக்குத் தகுந்த பயிற்சி வேண்டும் என்று சட்டம் சொல்வது பகுத்தறியும் ஆற்றல் உள்ளவர்களைப் பற்றித்தான் (எண் 889). அந்த ஆற்றல் இல்லை என்பதற்காக யாரையும் விட்டுவிட முடியாது. நோயில் பூசுதலை மட்டும் கவனமாகப் பயன்படுத்துங்கள். அது கடுமையாக நோயுற்றவர்களுக்கும் முதுமையில் தளர்ந்தவர்களுக்கும் உரியது. காது கேளாமை ஒரு நோய் இல்லை. நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒரு மாற்றுத்திறனாளியை நோயாளிகள் தினத்தில் வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவது அவரைத் தவறாகப் பார்ப்பது.

பொறுப்புக் கொடுங்கள்

வந்த சில மாதங்களிலேயே ஏதாவது ஒரு பணி அவர் கையில் இருக்க வேண்டும். எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. பெற்றுக்கொள்பவராக மட்டும் ஒருவர் இருக்கும் வரை அவர் அந்தப் பங்கில் விருந்தாளிதான்.

வாசலில் நின்று வரவேற்பது, காணிக்கைப் பவனியில் அப்பம் கொண்டுவருவது, மணி அடிப்பது, பிரெய்லில் வாசகம் வாசிப்பது, சைகையில் விசுவாசிகள் மன்றாட்டைச் சொல்ல மற்றொருவர் அதைக் குரலில் சொல்வது, பீடச்சிறுவர்களோடு பணி செய்வது, பாடகர் குழுவில் தாளம். மாற்றுத்திறனாளிகள் மறைக்கல்வி ஆசிரியர்களாகவும் பணியாற்ற வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் வழிகாட்டி ஏடு விரும்புகிறது. பணியை அவருக்கு ஏற்றபடி அமையுங்கள். ஆனால் பெயருக்கு ஒரு பணியாக வேண்டாம். அவர் வராவிட்டால் "இன்று ஏன் வரவில்லை?" என்று பங்கு தேடும்படியான பணியாக இருக்கட்டும்.

ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்ல் பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் வாசித்தவர். 11-ஆம் நூற்றாண்டில் ரெய்ஷனாவ் மடத்தில், நடக்கவே முடியாமல், பேசவும் சிரமப்பட்டு வாழ்ந்த துறவி ஹெர்மன் வானியலிலும் இசையிலும் நூல்கள் எழுதினார். 'கிருபை தயாபத்து' ஜெபத்தின் இலத்தீன் மூலத்தை அவர் எழுதினார் என்று மரபாகச் சொல்வார்கள். பார்வையின்றிப் பிறந்து பெற்றோரால் கைவிடப்பட்ட காஸ்தெல்லோ நகர் மார்கரெட்டை 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இவர்களின் கதைகளை மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் சொல்லாமல், பொது வகுப்பிலும் சொல்லுங்கள்.

பெற்றோரும், அவர்களுக்குப் பிறகும்

பெற்றோரில் பலர் வருடக்கணக்கில் ஒரு திருப்பலியையும் நிம்மதியாகக் கண்டதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, பிள்ளைக்குப் பழகிய நண்பர் பக்கத்தில் அமர, அம்மாவும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து பூசை காணட்டும். கூடப்பிறந்தவர்களையும் கவனியுங்கள். அண்ணனைப் பார்த்துக்கொள்வதே தன் வேலை என்று வளரும் தங்கைக்கும் அவளுக்கென்று ஒரு வகுப்பும் தோழிகளும் வேண்டும். 1971-இல் லூர்து நகருக்குச் சென்ற ஒரு திருப்பயணத்திலிருந்து பிறந்த 'ஃபெய்த் அண்ட் லைட்' இயக்கத்தில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் பெற்றோரும் நண்பர்களும் தவறாமல் கூடி ஜெபிக்கிறார்கள், சேர்ந்து உண்கிறார்கள். அப்படி ஒரு சிறு குழுவை இரண்டு மூன்று குடும்பங்களோடுகூடத் தொடங்கலாம்.

உறுதிப்பூசுதல் முடிந்ததும் மறைக்கல்வி முடிந்துவிட்டது என்று பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடாதீர்கள். மற்ற பிள்ளைகள் கல்லூரிக்கும் வேலைக்கும் போய்விடுவார்கள். இவர் அதே வீட்டில், அதே பெற்றோரோடு இருப்பார். இருபத்தைந்து வயதில் அவருக்கு இளையோர் குழுவும், நாற்பதில் பெரியவர்களுக்கான விவிலிய வகுப்பும் வேண்டும். நீங்கள் ஒருநாள் பொறுப்பு மாறிப் போவீர்கள், பங்குத்தந்தையும் மாற்றலாகிப் போவார். அதனால் முதலில் எழுதிய அந்த ஒரு தாளை ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு உட்கார்ந்து புதுப்பித்து, அவர்கள் சம்மதத்தோடு அடுத்தவர் கையில் கொடுங்கள்.

பெற்றோருக்கு வயதாகும்போது இன்னொரு கேள்வி எழும். அவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், நீங்களே எடுத்துப் பேசுங்கள்: அவர்களுக்குப் பிறகு இவரை ஞாயிறு பூசைக்கு யார் அழைத்து வருவார்? பக்கத்தில் வசிக்கும் இரண்டு குடும்பங்களை இப்போதே பழக்கப்படுத்தி, மாதம் ஓரிரு முறை அவர்களோடு வந்து பழகச் செய்யுங்கள். அவர் விடுதிக்கோ காப்பகத்துக்கோ மாற நேர்ந்தால், அந்தப் பகுதியின் பங்குத்தந்தைக்கு நீங்களே ஃபோன் செய்து, அவர் திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் பெற்றவர், நற்கருணை வாங்கும் பழக்கம் உள்ளவர், இந்த முறையில் வாங்குவார், இந்தப் பாட்டு பிடிக்கும் என்று சொல்லி, தாளையும் அனுப்பி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ஃபோன் செய்து, அவரைப் பூசைக்கு அழைத்து வருகிறார்களா என்று கேளுங்கள்.